இருபத்தெட்டரை டிகிரி

போன டிசம்பரில் என் சமையலறை மேடையில் ஒரு ஹார்லிக்ஸ் ஜாடி நிறைய மீன் முட்டைகள் இருந்தன. மூன்றாம் நாள் பொரியும் என்று படித்திருந்தேன். மூன்றாம் நாள் ஒன்றும் நடக்கவில்லை. நான்காம் நாளும் அப்படியே. ஐந்தாம் நாள் காலையில்தான் முதல் குஞ்சு, கண்ணிமை முடி அளவுக்கு, ஜாடியின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. பின்னால் வந்தவற்றில் சிலவற்றுக்கு உடம்பு வளைந்திருந்தது.

மீன்கள் பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளியிருக்கும் வளர்ப்பு மீன் கடையில் வாங்கியவை. ஜீப்ரா என்பார்கள். விரல் நீளம்கூட இல்லை. பக்கவாட்டில் நீலக் கோடுகள். தொட்டியின் அடியில் கோலிக்குண்டு பரப்பினால், விடியலில் இடும் முட்டை இடுக்குகளில் விழுந்து தாய் தகப்பன் வாய்க்குத் தப்பும் என்று சொல்லிக்கொடுத்தவரே கடைக்காரர்தான். அவரிடமே போய் நின்றேன்.

“குளிருக்கு நாள் தள்ளும் சார். ஹீட்டர் போட்டு இருபத்தெட்டரையில வெச்சிருந்தா மூணே நாள்.”

“அதென்ன இருபத்தெட்டரை? இருபத்தெட்டு ஆகாதா?”

“எல்லாரும் சொல்ற நம்பர் சார் அது” என்று சிரித்தார். கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த அவருடைய அப்பா, அந்தக் காலத்து மில் தொழிலாளி, என்னை ஏற இறங்கப் பார்த்தார். “தண்ணியத் தொட்டுப் பாத்தா தெரியாதா?” என்று மட்டும் கேட்டார்.

அந்த அரை டிகிரி என்னை விடவில்லை. அது எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன்.

முதலில் போய் நின்ற இடம், சார்லஸ் கிம்மலும் அவருடைய கூட்டாளிகளும் 1995-இல் வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரை. ஒற்றைச் செல்லாகக் கிடக்கும் ஜீப்ரா முட்டை குஞ்சாகும் வரை மணிக்கு மணி எப்படி மாறுகிறது என்று படம் போட்டு வரிசைப்படுத்திய கட்டுரை அது. கருவுற்று முக்கால் மணி நேரத்தில் ஒரு செல் இரண்டாகிறது. பிறகு சுமார் 15 நிமிடத்துக்கு ஒரு தடவை இரட்டிக்கிறது. ஒரு நாள் முடியும்போது இதயம் துடிக்கிறது. இரண்டாம் நாளுக்கும் மூன்றாம் நாளுக்கும் இடையில் குஞ்சு வெளியே வருகிறது. இத்தனையும் தண்ணீர் 28.5 டிகிரி செல்சியஸில் இருந்தால்.

இல்லாவிட்டால்? அதற்கும் அங்கே ஒரு கணக்கு இருந்தது. தண்ணீரின் வெப்பத்தை 0.055-ஆல் பெருக்கி 0.57-ஐக் கழிக்க வேண்டும். அட்டவணையில் உள்ள மணி நேரத்தை வந்த விடையால் வகுக்க வேண்டும். 28.5-க்குப் போட்டால் கிட்டத்தட்ட 1 வருகிறது. அட்டவணை அப்படியே பொருந்தும். 25-க்குப் போட்டால் 72 மணி நேரம் 89 ஆகிறது. டிசம்பரில் என் ஜாடித் தண்ணீர் 22 டிகிரி. அதற்குப் போட்டேன்: 112 மணி நேரம். நான்கு நாள், பதினாறு மணி. ஐந்தாம் நாள் காலை! வளைந்த உடம்புகளுக்கும் விளக்கம் அங்கேயே இருந்தது: 25-க்குக் கீழும் 33-க்கு மேலும் நெடுநேரம் வைத்தால் கருவில் கோளாறு வரலாம்.

மீனுக்குச் சொந்தச் சூடு கிடையாது. செல்லைப் பிரிக்கும், தசையைக் கட்டும் நொதிகள் அத்தனையும் தண்ணீரின் சூட்டுக்குத்தான் வேலை செய்கின்றன. அதனால் கருவுக்கு எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டால் பாதிக் கேள்விதான். எத்தனை சூட்டில் என்பதும் சேர்ந்தால்தான் வயது. ரோகு, கட்லா முட்டைகள் 28 டிகிரி வாக்கில் ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். நீலகிரியில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட வானவில் டிரவுட்டின் முட்டைக்கோ 10 டிகிரியில் ஏறக்குறைய ஒரு மாதம் வேண்டும். சூடு வேகத்தை மட்டும் தொடுவதில்லை. ஜீப்ராவின் குஞ்சுப் பருவத்தில் தண்ணீர் மிகவும் சூடானால் ஆண்களின் எண்ணிக்கை கூடுகிறது.

இருபத்தெட்டரை என்பது ஆய்வுக்கூடங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வைத்துக்கொண்ட பொது அளவு. அங்கே ‘24 மணிக் கரு’ என்றால் இங்கேயும் அதே கருவாக இருக்க வேண்டுமே. பெல்லாரி சாலையில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்திலும் இதே மீனை வைத்துத்தான் நரம்பு மண்டலத்தை ஆராய்கிறார்கள்.

சரி, ஆய்வுக்கூடத்துக்கு இந்த மீன் எப்படிப் போயிற்று? அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகத்துக்கு, புடாபெஸ்ட்டில் பிறந்த ஜார்ஜ் ஸ்டிரைசிங்கர் கொண்டுபோனார். அவர் மீன் வாங்கியதும் என்னைப் போலக் கடையில்தான். 1981-இல் அவர் வெளியிட்ட கட்டுரை, தாய் வழி மட்டுமே மரபணு கொண்ட ஜீப்ராக்களை உண்டாக்கியதைச் சொன்னது. அதில் அவர் கையாண்ட கருவிகளில் ஒன்று சூடு. கரு முதல் தடவை பிரியவிருக்கும் நேரம் பார்த்துச் சில நிமிடம் வெந்நீர் காட்டினால், மரபணு இரட்டித்தும் செல் பிரியாமல் நின்றுவிடும்.

கடைக்கு வருவதற்கு முன்னால்? அங்கேதான் எனக்கு வியப்பு காத்திருந்தது. இந்த மீனுக்கு அறிவியல் பெயர் வைத்தவர் பிரான்சிஸ் ஹாமில்டன். 1822-இல் வெளிவந்த கங்கை மீன்கள் பற்றிய நூலில், கோசி ஆற்று மீன் என்று அவர் இதை எழுதினார். பின்னாளில்தான் அவர் ஹாமில்டன். அதற்கு முன் பிரான்சிஸ் புக்கானன். திப்பு வீழ்ந்த மறு வருடம், 1800 ஏப்ரலில், கம்பெனியின் உத்தரவின் பேரில் சென்னையிலிருந்து கிளம்பிய அதே மருத்துவர். மே மாதம் பெங்களூருக்கு வந்தவர். பேட்டையில் நெசவாளர்களிடம் நூல், சாயம், கூலி என்று துருவித் துருவிக் கேட்டு எழுதிக்கொண்டவர். நூறு வருடம் கழித்து பின்னி மில்லுக்கும் ராஜா மில்லுக்கும் வேலைக்கு வந்து இந்தப் பக்கம் குடியேறிய எங்கள் ஆட்களுக்கு முன்பே, எங்கள் தொழிலையும் எங்கள் மீனையும் ஒரே ஆள் குறிப்பெடுத்துப் போயிருக்கிறார்.

அவர் வைத்த டேனியோ என்ற பெயர், நெல்வயலைக் குறிக்கும் வங்காளச் சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். பொருத்தம்தான். ஜீப்ராவின் வீடு ஆழமான ஆறு அல்ல. ஓடையோரம், குட்டை, வயல்வரப்பு ஓரத்துத் தேங்கல். முழங்கால் ஆழத் தண்ணீர் மத்தியானம் கொதிக்கும், மழை பெய்தால் சில்லிடும். மார்கழிக் குளிரில் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும், கோடையில் 38-ஐத் தொடும். அந்த மீனுக்கு இருபத்தெட்டரை என்று ஒரு நம்பர் எப்போதும் இருந்ததில்லை. ஏறி இறங்கும் தண்ணீரில், மழைக்காலம் பார்த்து முட்டையிடக் கற்ற மீன் அது. அரை டிகிரி நமக்குத்தான் தேவைப்பட்டது.

ஏப்ரலில் திரும்பவும் முட்டை எடுத்தேன். ஹீட்டர் போடவில்லை. ஜாடியோடு கடைக்குப் போனேன். பெரியவர் ஸ்டூலில் இருந்தார். ஒன்றும் கேட்காமல் சுண்டுவிரலை ஜாடிக்குள் விட்டு, கண்ணை மூடிக்கொண்டார்.

“மூணு நாளு. மீறிப் போனா ஒரு வேளை கூட ஆகும்.”

வீட்டுக்கு வந்து தெர்மாமீட்டரை விட்டேன். 28. கணக்குப் போட்டேன். 74 மணி நேரம்.