கத்துவது பெல்ட், குற்றவாளி டென்ஷனர்

இது மெக்கானிக்கல் மூன்றாம் வருட மக்களுக்கு. மற்றவர்களும் பயப்படாமல் படிக்கலாம், கணக்கு கொஞ்சம்தான் வரும்.

காலையில் காரை ஸ்டார்ட் செய்தவுடன் 'கீ...ச்' என்று தெருவையே எழுப்புகிற சத்தம் கேட்டிருப்பீர்கள். நம் ஊரில் அதற்கு ஒரே வைத்தியம்தான்: "ஃபேன் பெல்ட் போயிருச்சு சார், மாத்திரலாம்." முதலில் இந்தப் பெயரே பழைய கதை. அம்பாசடர் காலத்தில் அந்த பெல்ட் ரேடியேட்டர் ஃபேனைச் சுற்றியது. இன்றைய கார்களில் பெரும்பாலும் ஃபேனுக்குத் தனி மோட்டார் உண்டு. பெல்ட் சுற்றுவது ஆல்டர்நேட்டரை, ஏசி கம்ப்ரஸரை, பல வண்டிகளில் வாட்டர் பம்ப்பையும் பவர் ஸ்டீயரிங் பம்ப்பையும். முன்பு இதற்கெல்லாம் இரண்டு மூன்று பெல்ட்கள். எல்லாவற்றையும் ஒரே நீள பெல்ட்டால் பாம்பு மாதிரி வளைத்துச் சுற்றும் முறை 1979ல் ஃபோர்டு மஸ்டாங்கில் வந்து, பிறகு உலகம் முழுக்கப் பரவியது. வசதிதான். ஆனால் அது அறுந்தால் எல்லாம் ஒன்றாக நிற்கும்.

எங்கள் வீட்டில் இது வெறும் சத்தப் பிரச்சினை இல்லை. தாத்தாவை வாரம் இரண்டு தடவை டயாலிசிஸுக்கு 45 கிலோமீட்டர் தள்ளி திருநெல்வேலிக்குக் கூட்டிப் போக வேண்டும். திரும்பி வர இருட்டிவிடும். வழியில் பெல்ட் அறுந்தால் சார்ஜ் ஏறாது, எங்கள் வண்டியில் வாட்டர் பம்ப்பும் நிற்கும், ஸ்டீயரிங் கல்லாகிவிடும். டயாலிசிஸ் முடிந்து களைத்துப்போன மனிதரை நடுரோட்டில் உட்கார வைக்க முடியுமா?

எட்டு மாதத்துக்கு முன் ஒரு ஒர்க்ஷாப்பில் பெல்ட் மட்டும் மாற்றினார்கள். சத்தம் நின்றது. மழை ஆரம்பித்ததும் திரும்ப வந்தது. மறுபடியும் "பெல்ட் மாத்திரலாம்" என்றார்கள். அப்பா என்னைப் பார்த்து, "நீ படிக்கிறதே இதுக்குத்தானடா?" என்றார். சுருக்கென்று இருந்தது.

படித்ததைத்தான் எடுத்தேன். இரண்டாம் வருடத்தில் நாம் மனப்பாடம் செய்த பெல்ட் சூத்திரம் நினைவிருக்கிறதா? வழுக்காமல் இருக்க, இறுக்கமான பக்க இழுவிசையும் தளர்ந்த பக்க இழுவிசையும் எந்த விகிதம் வரை போகலாம் என்பது. மற்ற புல்லிகளை மறந்துவிட்டு ஆல்டர்நேட்டரை மட்டும் பார்ப்போம். பெல்ட் புல்லியைப் பாதிச் சுற்று தழுவுகிறது, பள்ளத்தின் கோணம் 40 டிகிரி, உராய்வுக் கெழு 0.3 என்று வைத்தால் விகிதம் 15க்கு மேல் வரும். ஈரத்தில் உராய்வு 0.1 ஆகிவிட்டால் வெறும் 2.5!

இப்போது தேவை எவ்வளவு? ஸ்டார்ட் ஆனவுடன் பேட்டரி சார்ஜ் கேட்கும். 14 வோல்ட்டில் 50 ஆம்பியர் என்றால் 700 வாட். ஆல்டர்நேட்டரின் திறன் 60 சதவீதம் என்று வைத்தால் பெல்ட் கிட்டத்தட்ட 1170 வாட் கொடுக்க வேண்டும். 14 செ.மீ. கிராங்க் புல்லி 800 ஆர்பிஎம்மில் சுற்றினால் பெல்ட்டின் வேகம் நொடிக்கு சுமார் 5.9 மீட்டர். வகுத்தால் 200 நியூட்டன், அதாவது 20 கிலோ அரிசி மூட்டையைத் தொங்கவிட்ட மாதிரி ஓர் இழுப்பு.

இந்த 200 நியூட்டனுக்கு, உலர்ந்த புது பெல்ட்டில் தளர்ந்த பக்கம் 14 நியூட்டன் இருந்தாலே போதும். ஈரத்தில் 130க்கு மேல் வேண்டும். விகிதத்தைக் கொடுப்பது பெல்ட். தளர்ந்த பக்க விசையைக் கொடுப்பது டென்ஷனரின் ஸ்பிரிங். ஸ்பிரிங் சோர்ந்திருந்தாலும் புது பெல்ட் தன் பிடிப்பால் அதைக் கொஞ்ச நாள் மறைத்துவிடும். மழை வந்தால் குட்டு வெளிப்படும். எட்டு மாதக் கதை இதுதான்!

சந்தேகத்தை உறுதி செய்ய ஒரு எளிய சோதனை உண்டு. இன்ஜின் ஓடும்போது, கையையும் துணியையும் தள்ளி வைத்துக்கொண்டு, பெல்ட்டின் வரிப்பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் சற்று நேரம் நின்று திரும்பினால் புல்லிகள் நேர்கோட்டில் இல்லை. சத்தம் கூடினால் பெல்ட் வழுக்குகிறது, இறுக்கம் போதவில்லை. எங்களுக்குக் கூடியது. ஐடிலிங்கில் டென்ஷனர் கை வேறு தலையாட்டிக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நானும் அப்பாவும் இறங்கினோம். இன்ஜின் ஆறிய பிறகு பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றினோம். ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, வலது முன் சக்கரத்தைக் கழற்றினோம் (செங்கல்லை நம்பாதீர்கள், ஜாக்கியை மட்டும் நம்பியும் கீழே போகாதீர்கள்). பெல்ட் போகும் வழியை போட்டோ எடுத்து, பேப்பரிலும் வரைந்தோம். நீளமான ரிங் ஸ்பேனரை டென்ஷனரில் மாட்டி ஸ்பிரிங்குக்கு எதிராகத் திருப்பினால் பெல்ட் தளரும். ஐட்லர் புல்லியிலிருந்து நழுவவிட்டு, கையை மெதுவாகத் திரும்ப விடவேண்டும். பட்டென்று விட்டால் விரலுக்கு நல்லதில்லை.

பெல்ட் கையில் வந்ததும் அவசரப்படாமல் ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பாருங்கள். பெல்ட் இல்லாதபோது மட்டுமே கிடைக்கும் வாய்ப்பு இது. எங்கள் ஆல்டர்நேட்டரும் வாட்டர் பம்ப்பும் சத்தமில்லாமல் சுற்றின. டென்ஷனர் புல்லி மட்டும் கரகரவென்று, மணல் அரைக்கிற மாதிரி!

புது பெல்ட் வாங்கும்போது அதன் முதுகில் உள்ள எண்ணைப் பாருங்கள். 6 பிகே 1500 என்றால் 6 வரி, 1500 மில்லிமீட்டர் நீளம். புது டென்ஷனரின் போல்ட்டை, வண்டியின் சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்கினோம். பெல்ட்டைப் போட்டபின் ஒவ்வொரு வரியும் அதன் பள்ளத்தில் உட்கார்ந்ததா என்று டார்ச் அடித்துப் பார்த்தோம். ஒரு வரி தள்ளி உட்கார்ந்தாலும் பெல்ட் நார்நாராகிவிடும். பிறகு கிராங்க்கை ஸ்பேனரால் இரண்டு சுற்று சுற்றிவிட்டு இன்னொரு தடவை பார்த்து, அதன்பின்தான் சாவி.

இரண்டு எச்சரிக்கை. டைமிங் பெல்ட் வேறு, இது வேறு. அதை இப்படி வீட்டில் தொடாதீர்கள். சில கார்களில் டென்ஷனரே இல்லாத, இழுபடும் வகை பெல்ட் வரும். அதை மாட்டத் தனிக் கருவி வேண்டும்.

டென்ஷனர், பெல்ட்டைப் போல மூன்று மடங்கு விலை. அதனால்தான் பலர் அதை விட்டுவிடுகிறார்கள். அடுத்த முறை யாராவது "பெல்ட் மாத்திரலாம்" என்றால், "டென்ஷனரைப் பார்த்தீங்களா அண்ணே?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மாற்றியதிலிருந்து ஆறு தடவை திருநெல்வேலி போய் வந்தாயிற்று, அதில் இரண்டு நாள் கொட்டும் மழை. தாத்தா பின்சீட்டில் தூங்கிக்கொண்டே வருகிறார்.

பழைய டென்ஷனர் என் மேசையில்தான் இருக்கிறது. திங்கட்கிழமை கிளாஸுக்குக் கொண்டு வருகிறேன். சுற்றிப் பாருங்கள், அந்தக் கரகரப்பு எந்தப் புத்தகத்திலும் கிடையாது.