கழக்கூட்டம்: கோல் கம்பங்கள் போன மைதானம்

கால்பந்துக் கோப்பையோடு பெயர் பெற்ற அரங்கம், இன்று கிரிக்கெட்டின் வீடு. ஆனால் வாடகை யார் தருவது என்பதுதான் தீராத வழக்கு.

திருவனந்தபுரத்திலிருந்து கொல்லம் போகும் தேசிய நெடுஞ்சாலையில் நகரத்தின் வடக்கு வாசல் கழக்கூட்டம். திருவிதாங்கூர் சரித்திரம் படித்தவர்களுக்கு இது பழைய பெயர். 18-ஆம் நூற்றாண்டில் மார்த்தாண்ட வர்மாவை எதிர்த்து நசுக்கப்பட்ட எட்டு வீட்டுப் பிள்ளைமாரில் ஒருவர் கழக்கூட்டத்துப் பிள்ளை. சைனிக் பள்ளி 1962-இல் வந்தது. 1990-இல் டெக்னோபார்க் வந்ததும் ஊரின் முகமே மாறியது. தென்னந்தோப்புகளுக்கு நடுவே கண்ணாடிக் கட்டிடங்கள் எழுந்தன. 2022-இல் ஊரின் தலைக்கு மேல் பறக்கும் சாலையும் வந்து சேர்ந்தது.

பக்கத்திலேயே காரியவட்டம். கேரளப் பல்கலைக்கழக வளாகமும் லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரியும் இங்கேதான் இருக்கின்றன. பல்கலைக்கழகத்தின் 36 ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கட்டப்பட்டது கிரீன்ஃபீல்டு ஸ்டேடியம். 2015 ஜனவரி 31 அன்று 35-ஆவது தேசிய விளையாட்டுப் போட்டிகள் இங்கே தொடங்கின. சச்சின் டெண்டுல்கர் வந்திருந்தார். பி.டி. உஷாவும் அஞ்சு பாபி ஜார்ஜும் தீபம் ஏற்றினார்கள். அன்று மோகன்லால் குழுவினர் நடத்திய இசை நிகழ்ச்சி கடும் விமர்சனத்துக்கு ஆளாகி, வாங்கிய பணத்தைத் திருப்பித் தருவதாக அவர் அறிவித்தது தனிக் கதை.

சேத்ரியின் கோல்

ஆனால் மைதானத்தின் பெயரை நாட்டுக்கு வெளியே கொண்டு போனது கால்பந்து. 2015 டிசம்பர் 23 முதல் 2016 ஜனவரி 3 வரை தெற்காசிய நாடுகளின் சாஃப் கோப்பைப் போட்டி இங்கே நடந்தது. பாகிஸ்தான் விலகிக்கொள்ள, ஏழு நாடுகள் ஆடின. பெரும்பாலான ஆட்டங்களில் இந்தியா இல்லை. நேபாளமும் பூட்டானும் வங்கதேசமும் யாரோடு மோதினாலும் உள்ளூர்க்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள்.

இறுதி ஆட்டத்தில் எதிரணி நடப்புச் சாம்பியன் ஆப்கானிஸ்தான். 70-ஆவது நிமிடத்தில் அமிரி கோல் போட்டதும் அரங்கம் அடங்கிப்போனது. இரண்டே நிமிடத்தில் ஜெஜே பதில் கோல் அடித்தார். கூடுதல் நேரத்தில், 101-ஆவது நிமிடத்தில், சுனில் சேத்ரி வெற்றி கோலை அடித்தார். இந்தியாவுக்கு ஏழாவது கோப்பை. ஆப்கானிஸ்தான் அதன் பிறகு மத்திய ஆசிய அமைப்போடு போய்விட்டது. காரியவட்டத்தில் ஆடியதுதான் அதன் கடைசி சாஃப் போட்டி.

திருவனந்தபுரம் மாவட்டத்தின் கடலோரம் கால்பந்து பிறக்கும் மண். தமிழக எல்லையை ஒட்டிய பொழியூர் என்ற மீனவ கிராமம் சந்தோஷ் டிராபிக்கு வரிசையாக வீரர்களைத் தந்த ஊர். அந்தக் கடற்கரைப் பையன்களுக்கு ஒரு சர்வதேச மைதானம் கிடைத்துவிட்டது என்றுதான் அன்று தோன்றியது. நடந்தது வேறு.

மழை தந்த நற்சான்று

2017 நவம்பர் 7 அன்று நியூசிலாந்துடன் டி20 ஆட்டம். தலைநகர் சர்வதேச கிரிக்கெட் பார்த்து ஏறக்குறைய 30 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1988 ஜனவரியில் பல்கலைக்கழக ஸ்டேடியத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக நம்ம ஊர் ஸ்ரீகாந்த் சதம் அடித்தும் இந்தியா தோற்றதுதான் கடைசி நினைவு. இந்த முறை மழை கொட்டியது. ஆனாலும் தண்ணீர் வடிந்து, ஆளுக்கு எட்டு ஓவராவது ஆட முடிந்தது. இந்தியா ஆறு ரன்னில் ஜெயித்தது. மைதானத்தின் வடிகால் வசதிக்குப் பாராட்டு குவிந்தது.

அடுத்த வருடம் கேரளத்தின் இரண்டு காதல்களும் நேருக்கு நேர் மோதின. நவம்பர் 1 ஒருநாள் ஆட்டத்தைக் கொச்சியில் நடத்தக் கிரிக்கெட் சங்கம் விரும்பியது. உலகக் கோப்பைக்காக அங்கே போட்ட கால்பந்துப் புல்தரையைத் தோண்டுவதா என்று வீரர்களும் ரசிகர்களும் கொதித்தார்கள். சேத்ரி பேசினார், சி.கே. வினீத் பேசினார், டெண்டுல்கரே கால்பந்தின் பக்கம் நின்றார். முடிவில் ஆட்டம் காரியவட்டத்துக்கு மாறியது. கேரளம் பிறந்த நாளில், குமரி மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்த அதே தேதியில், மேற்கிந்தியத் தீவுகள் 104 ரன்னில் சுருண்டது. கொச்சியில் கால்பந்து பிழைத்தது. அதற்கு விலையாகக் காரியவட்டம் கிரிக்கெட்டின் மைதானமாகிப் போனது.

இந்த மாற்றத்தை ஒரே வீட்டிலும் பார்க்கலாம். டில்லி போலீசில் பணியாற்றிய தந்தை கால்பந்து வீரர். விழிஞ்ஞம் கடற்கரை மகன் சஞ்சு சாம்சன் கிரிக்கெட் நட்சத்திரம். 2022-இல் இந்திய அணி வந்தபோது அதில் அவர் இல்லை. ஆனாலும் ரசிகர்கள் கோஷமிட்டது அவர் பெயரைச் சொல்லித்தான்.

காலி நாற்காலிகள்

வடிவமைத்து, கட்டி, நடத்தி, பிறகு ஒப்படைப்பது என்ற ஒப்பந்த முறையில் தனியார் பணத்தில் எழுந்த அரங்கம் இது. அந்தத் தனியார், ஐ.எல் அண்ட் எஃப்.எஸ். குழுமம். 2018-இல் அது கடனில் மூழ்கியது. பராமரிப்பு யார் பொறுப்பு என்ற இழுபறி தொடங்கியது. 2021-இல் ராணுவ ஆள்சேர்ப்பு முகாமுக்கு மைதானம் விடப்பட்டதில் புல்தரை பாழானதாகப் புகார் எழுந்தது. 2022 செப்டம்பரில் தென்னாப்பிரிக்க ஆட்டத்துக்குச் சில நாட்களே இருந்தபோது, பாக்கிக்காக மின்வாரியம் இணைப்பைத் துண்டித்தது. விளக்கொளியில் ஆட வேண்டிய இடத்தில் விளக்கே இல்லை. எப்படியோ சமாளித்து ஆட்டம் நடந்தது, அரங்கமும் நிரம்பியது.

நிரம்பாத நாள் 2023 ஜனவரி 15. இலங்கையுடன் கடைசி ஒருநாள் ஆட்டம். பொங்கல் நாள், தொடரும் ஏற்கெனவே முடிவான நிலை. கேளிக்கை வரி 5 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாக உயர்ந்திருந்தது. டிக்கெட் விலை பற்றிக் கேட்டபோது, பட்டினி கிடப்பவர்கள் ஆட்டம் பார்க்க வர வேண்டியதில்லை என்ற பொருளில் விளையாட்டு அமைச்சர் சொன்னது தீயில் எண்ணெய் வார்த்தது. கோஹ்லி ஆட்டமிழக்காமல் 166 ரன் அடித்தார். இந்தியா 390. இலங்கை 73. 317 ரன் வித்தியாசம் அன்றைய உலக சாதனை. 2025-இல்தான் இங்கிலாந்து அதை முறியடித்தது. சாதனையை நேரில் கண்டவை பெரும்பாலும் காலி நாற்காலிகள்.

2024 முதல் கேரள கிரிக்கெட் லீக் இங்கே நடக்கிறது. ஆறு உள்ளூர் அணிகள். முதல் கோப்பை கொல்லத்துக்கு, அடுத்தது கொச்சிக்கு. 2025 டிசம்பரில் இந்திய மகளிர் அணியும் இலங்கையுடன் மூன்று டி20 ஆட்டங்கள் ஆடியது. பெரிய ஆட்டம் வருடத்துக்கு ஒன்று என்ற நிலை மெல்ல மாறுகிறது.

மாறாதது ஒன்றுதான். ஒரு அரங்கத்தைக் கட்டுவது ஒருமுறைச் செலவு. புல்லை வெட்டுவதும் விளக்கை எரிப்பதும் தினச் செலவு. கடைசி வேலைக்கு ஆள் யார் என்று எழுதாத ஒப்பந்தம் எத்தனை கோடி போட்டாலும் பாதிக் கட்டிடம்தான். தெற்காசியாவின் கால்பந்துக் கோப்பை உயர்ந்த இடத்தில், பொழியூர்ப் பையன் ஒருவன் பந்தை உதைக்க வேண்டும் என்றால், அவன் இன்னும் கடற்கரை மணலைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.