சித்தீக்குர் ரஹ்மான் சுமந்த பை

கோல்ப் என்றதும் நம்மவர்களின் முகத்தில் ஓர் ஏளனச் சிரிப்பு வரும். பணக்காரர்களின் பொழுதுபோக்கு, வெள்ளைக்காரன் விட்டுச் சென்ற பழக்கம், ஒரு சிறு பந்துக்காக நூறு ஏக்கர் நிலம், மாலையானால் மதுச்சாலை. இலக்கியக் கூட்டங்களில் கிரிக்கெட் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிற நண்பர்கள்கூட இதைப் பேச்சுக்கு எடுக்க மாட்டார்கள். அந்தச் சிரிப்பில் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் புல்வெளியில் நடப்பவர்கள் எப்போதும் இரண்டு பேர். ஒருவர் அடிப்பவர், மற்றவர் அவருடைய பையைச் சுமப்பவர். நம்முடைய சிரிப்பு முதல் ஆளோடு நின்றுவிடுகிறது. பை சுமப்பவரை 'கெடி' என்பார்கள். தெற்காசியாவின் தொழில்முறைக் கோல்ப் வரலாற்றில் பெரிய பகுதியை எழுதியவர்கள் இந்தக் கெடிகள்தான்.

பங்களாதேஷின் சித்தீக்குர் ரஹ்மான் அவர்களில் ஒருவர். 1984இல் மதாரிப்பூரில் பிறந்தவர். பிழைப்புத் தேடி டாக்காவுக்கு வந்த குடும்பம். தகப்பனார் மூன்று சக்கர வாடகை வண்டி ஓட்டியவர். இராணுவக் குடியிருப்புப் பகுதியிலுள்ள குர்மிட்டோலா கோல்ப் கழகத்தில் பந்து பொறுக்கும் பையனாகச் சேர்ந்தபோது அவருக்குப் பத்து வயதளவில் இருக்கும். பிறகு பை சுமக்கும் வேலைக்கு உயர்ந்தார். ஆம், அது உயர்வுதான். பந்து பொறுக்குபவனுக்குக் கண் மட்டும் போதும். கெடிக்கு அறிவு வேண்டும். இங்கிருந்து குழிக்கு எத்தனை யார், காற்று எந்தப் பக்கம், புல் எந்தத் திசையில் சாய்ந்திருக்கிறது, இந்த முதலாளிக்கு எந்தக் கோல் கையில் நிற்கும், எதைக் கொடுத்தால் பந்தைத் தண்ணீருக்குள் போடுவார் என்பதெல்லாம் அவன் தலையில் இருக்க வேண்டும். ஆட்டத்தை ஆடாமலே ஆடுகிற ஒரு பள்ளிக்கூடம் அது. இரும்புக் கம்பியில் தனக்கொரு கோல் செய்து வைத்துப் பழகியதாகச் சித்தீக்குர் பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

கெடிப் பையன்களுக்கும் முறையாகப் பயிற்சி கொடுக்கலாம் என்று டாக்காவில் சிலர் தீர்மானித்தபோதுதான் அவருக்குக் கதவு திறந்தது. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஏழைப் பையன் விடாமுயற்சியால் வென்றான் என்று கதை சொல்லி முடித்துவிடுவது நமக்குப் பழகிப்போன சோம்பேறித்தனம். விடாமுயற்சியுள்ள பையன்கள் எல்லா வேலிக்கு வெளியிலும் நிற்கிறார்கள். வேலிக்கு உள்ளே இருப்பவர் ஒருவர் ஒரு நாள் படலையைத் திறக்கத்தான் வேண்டும்.

அதற்குப் பிறகு அவர் நின்று பார்க்கவில்லை. அமெச்சூர் பட்டங்கள், இந்தியத் தொழில்முறைச் சுற்றில் வெற்றிகள், 2010 ஓகஸ்ட்டில் புரூணை ஓப்பன். ஆசியச் சுற்றுப் போட்டியொன்றை வென்ற முதல் பங்களாதேஷ்காரர் அவர்தான்.

ஆனால் என் மனதில் நிற்பது 2013 நவம்பரில் டில்லி கோல்ப் கழகத்தில் நடந்த இந்திய ஓப்பன். அந்த மைதானத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அது பழைய கல்லறைகளுக்கு நடுவில் அமைந்தது. லால் பங்களா என்ற முகலாயர் காலத்துக் கல்லறை மாடமும் வேறு பல குவிமாடங்களும் அதன் மரங்களுக்கிடையே நிற்கின்றன. சுல்தான்கள் காலத்து மனிதர்கள் உறங்கும் மண்ணில் பந்து உருளுகிறது. இதே இந்திய ஓப்பனை 1991இல் அலி ஷேர் என்பவர் வென்றார். 1964இல் தொடங்கிய அந்தப் போட்டியை 1965இல் பி. ஜி. சேத்தி என்ற அமெச்சூர் வீரர் வென்றிருந்தார். ஆனால் ஆட்டத்தையே தொழிலாகக் கொண்ட ஓர் இந்தியர் வென்றது அலி ஷேரோடுதான் முதன்முறை. அவரும் கெடியாக இருந்தவர். டில்லிக் கழகத்திலேயே மற்றவர்களின் பையைச் சுமந்து நடந்து ஆட்டத்தைக் கற்றவர். 1993இல் திரும்பவும் வென்றார். அர்ஜுனா விருது கொடுத்தார்கள். நம்மில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

2013இன் கடைசி நாளுக்கு வருகிறேன். கோல்ப்பில் குறைந்த அடிகளில் பதினெட்டுக் குழிகளையும் முடிப்பவரே கெட்டிக்காரர். இப்படி நான்கு நாட்கள் ஆட வேண்டும். மூன்று நாள் முடிவில் சித்தீக்குர் நல்ல முன்னிலையில் இருந்தார். நான்காம் நாள் அந்த முன்னிலை கரையத் தொடங்கியது. கடைசியில் ஒரேயோர் அடி வித்தியாசத்தில் தப்பித்து வென்றார். அவருக்கு அடுத்த இடத்தைப் பகிர்ந்துகொண்டவர்கள் அனிர்பான் லாஹிரியும் எஸ். எஸ். பி. சௌரசியாவும். லாஹிரி இராணுவ மருத்துவர் ஒருவரின் மகன். சௌரசியா, 1829இல் தொடங்கிய றோயல் கல்கத்தா கோல்ப் கழகத்தில் புல் பராமரித்த தொழிலாளியின் மகன். ஆக, அந்த மாலையில் முன்னுக்கு நின்ற மூவரில் ஒருவர் பை சுமந்தவர், இன்னொருவர் புல் வெட்டியவரின் பிள்ளை. இதை எந்த நாவலாசிரியராவது எழுதியிருந்தால் மிகைப்படுத்திவிட்டார் என்று நானே விமர்சனம் எழுதியிருப்பேன்.

2016 மே மாதம் மொரீஷியஸில் ஒரே அடியில் முதலிடத்தை இழந்தார். அந்தத் தோல்வியே அவரைத் தரவரிசையில் உயர்த்தி ஒலிம்பிக்குக்குக் கொண்டு சென்றது. 112 வருடங்களுக்குப் பிறகு கோல்ப் அந்த வருடம்தான் ஒலிம்பிக்குக்குத் திரும்பியிருந்தது. அதுவரை பங்களாதேஷ் வீரர்கள் விசேட அழைப்பின் பேரிலேயே போய் வந்தார்கள். தன் ஆட்டத்தால் நேரடியாகத் தகுதி பெற்ற முதலாமவர் சித்தீக்குர். ரியோவில் தொடக்க அணிவகுப்பில் நாட்டின் கொடியை அவர் கையில் கொடுத்தார்கள். போட்டியில் அறுபது பேரில் 58ஆவது இடம். பத்திரிகைகள் அதைச் சின்ன எழுத்தில் போட்டன.

எனக்கு இந்த விடயங்களில் அக்கறை வந்ததற்குக் காரணம் உண்டு. நாங்கள் லக்கல வியாபாரிகள். மாத்தளையிலிருந்து றத்தொட்டை, றிவஸ்டன், இலுக்கும்புர என்று வளைந்து வளைந்து இறங்குகிற பாதையில் என் வாப்பா துணியும் உப்பும் கருவாடும் கொண்டுவந்து, மிளகும் ஏலமும் வாங்கிப் போனவர். அவருக்கு முந்திய தலைமுறைகளில் தவளம் ஓட்டினார்கள். கண்டி இராச்சியக் காலத்தில் பொதிமாடுகளோடு மலை ஏறி இறங்கியவர்களில் முஸ்லிம்கள் கணிசமானவர்கள் என்பது வரலாற்றில் இருக்கிறது. சுமப்பது எங்களுக்குக் குலத்தொழில் என்று வாப்பா வேடிக்கையாகச் சொல்வார். பழைய பல்லேகம களு கங்கைத் திட்டத்துக்காகக் கைவிடப்பட்டு, 2019 ஜனவரியில் புதிய லக்கல நகரம் திறக்கப்பட்டபோது எங்கள் கடையும் இடம் மாறியது.

என் தங்கச்சியைத் திகனப் பக்கம் கட்டிக் கொடுத்தோம். 2018 மார்ச் கலவரத்தில் மச்சானின் கடை எரிந்தது. அதற்குப் பிறகு அவர் பழைய நிலைக்கு வரவில்லை. மூத்த மகன் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்திவிட்டு, மலைநாட்டுக் கோல்ப் மைதானம் ஒன்றில் பை சுமக்கப் போனான். அதோடு நிற்கவில்லை. வாரத்தில் ஒரு நாள் கெடிகளை ஆட விடுகிறார்களாம். பெரியவர் ஒருவர் தன் பழைய கோல்கள் நான்கைக் கொடுத்திருக்கிறார். இப்போது அவனுக்குத் தொழில்முறை வீரனாக வேண்டும். மச்சானின் வீட்டார் இதை வெட்கக்கேடு என்கிறார்கள். போன நோன்புப் பெருநாள் விடுமுறையில் மகனையும் கூட்டிக்கொண்டு தங்கச்சி லக்கலைக்கு வந்தாள்.

“நானா, நீங்கதான் பேப்பர் புத்தகமெல்லாம் வாசிக்கிற ஆள். சொல்லுங்க, இதால ஒரு குடும்பம் சாப்பிட ஏலுமா?”

வெட்கமா இல்லையா என்று அவள் கேட்கவில்லை. சாப்பிட ஏலுமா என்றுதான் கேட்டாள். ஆகவே சித்தீக்குர் ரஹ்மானின் மறுபாதிக் கதையைத்தான் முதலில் சொன்னேன். இந்தத் தொழிலில் மாதச் சம்பளம் இல்லை. போட்டிக்குப் போகும் விமானச் செலவு, தங்குமிடம், சாப்பாடு, தன் பையைச் சுமப்பவனுக்குக் கூலி எல்லாம் வீரனின் கைப்பணம். இரண்டு நாள் ஆட்டம் முடிந்ததும் பட்டியலை ஏறக்குறையப் பாதியாக வெட்டுவார்கள். வெட்டுக்குக் கீழே விழுந்தவருக்குப் பரிசுப் பணத்தில் சல்லிக்காசு கிடையாது. செலவு மட்டும் மிச்சம். வருடக் கடைசியில் மொத்த வருமானப் பட்டியலில் பின்தங்கினால் அடுத்த வருடம் ஆடும் உரிமையும் போகும். நிறுவனங்களின் ஆதரவு வென்றவனைத் தேடித்தான் வரும். வெல்வதற்கு முந்திய வருடங்களில்தான் அது தேவை. ஒரு சித்தீக்குருக்குப் பின்னால், பை சுமந்தே கிழவனானவர்கள் எத்தனை பேர் என்று எந்த ஏடும் எழுதி வைப்பதில்லை.

இங்கே, எங்கள் நாட்டில்? றோயல் கொழும்பு கோல்ப் கழகம் 1879இல் தொடங்கியது. நுவரெலியா மைதானமும் வெள்ளைக்காரத் துரைமார் காலத்தது. நந்தசேன பெரேராவும் அவருடைய மகன் மிதுன் பெரேராவும் இரண்டு தலைமுறையாகத் தொழில்முறை ஆட்டத்தில் பெயரெடுத்தவர்கள். என். தங்கராஜா, கே. பிரபாகரன் என்ற நம் தமிழ்ப் பெயர்களும் இந்தியச் சுற்றின் பட்டியல்களில் வருகின்றன. இந்தியச் சுற்று என்பதைக் கவனியுங்கள். உழைப்புக்குக் கடல் தாண்ட வேண்டியிருக்கிறது. அந்தப் பெயர்களை மருமகனுக்கு ஒரு கடதாசியில் எழுதிக் கொடுத்தேன். ஆங்கிலத்தை விடாதே, புல் பராமரிப்பும் பயிற்சி கொடுப்பதும் இதே வேலிக்குள் உள்ள தொழில்கள், அவற்றையும் கற்றுக்கொள் என்றும் சொன்னேன்.

வெட்கத்தைப் பற்றி மச்சானின் வீட்டாருக்குச் சொல்ல என்னிடம் வேறு கதை இருந்தது. தென்னாபிரிக்காவின் டர்பனில் பப்வா சேகோலம் என்று ஓர் இந்திய வம்சாவளிக்காரர். அவரும் கெடிதான். இரண்டு கைகளையும் எல்லாரும் பிடிப்பதற்கு நேர்மாறாக மாற்றிப் பிடித்து அடிப்பவர். யாரும் சொல்லிக் கொடுக்காததால் வந்த பிடி அது. 1959இல் ஒல்லாந்து ஓப்பனை வென்றார். 1963இல் தன் சொந்த ஊரில் நேட்டால் ஓப்பனை வென்றபோது மழை பெய்துகொண்டிருந்தது. நிறவெறிச் சட்டத்தைச் சொல்லி அவரைக் கழகக் கட்டடத்துக்குள் விடவில்லை. கிண்ணத்தை வெளியில், மழையில் வைத்துக் கொடுத்தார்கள். 1965இல் கேரி பிளேயரையே தோற்கடித்தார். பிறகு ஆடுவதற்கே தடை. இன்று டர்பனில் ஒரு பொது மைதானத்துக்கு அவர் பெயர். வெட்கப்பட வேண்டியவர் மழையில் நனைந்தவரா, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களா?

அதெல்லாம் நிறவெறிக் காலம் என்று மச்சானின் தம்பி சொன்னார். அலி ஷேரும் சித்தீக்குரும் வென்ற அதே டில்லிக் கழகத்தில், 2017 ஜூனில், விருந்துக்கு அழைக்கப்பட்டு வந்த மேகாலயப் பெண்ணொருவரைத் தன் பாரம்பரிய உடையில் பார்த்துவிட்டு வேலைக்காரி மாதிரி இருக்கிறாள் என்று எழும்பிப் போகச் சொன்னார்கள். விடயம் பத்திரிகைகளில் வந்த பிறகு கழகம் மன்னிப்புக் கேட்டது. அவர் ஒன்றும் பேசவில்லை. நானும் மேலே இழுக்கவில்லை. பெருநாள் வீட்டில் விவாதம் வளர்ப்பது நல்லதல்ல.

மருமகன் இந்தப் பேச்சு எதிலும் கலந்துகொள்ளவில்லை. இரண்டு நாளும் கடையில் எனக்கு உதவியாக நின்றான். ஐம்பது கிலோ மிளகு மூட்டையை முதுகில் போடும்போது உடம்பைத் திருப்பாமல் காலால் திரும்புகிறான். முதுகு பிடித்தால் அடி கெட்டுவிடும் என்றான். அசருக்குப் பிறகு களு கங்கை நீர்த்தேக்கத்தைப் பார்க்கப் போனோம். அந்தத் தண்ணீருக்கடியில் வாப்பாவின் பழைய கடை எந்தத் திசையில் இருந்தது என்று நான் கை நீட்டிக் காட்டினேன். நீரின் மேல் பட்ட மரம் ஒன்று மொட்டையாக நின்றது. அதற்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் என்றேன்.

அவன் கண்ணைச் சுருக்கி அந்த மரத்தைப் பார்த்தான். ஒரு புல்லைப் பிய்த்து மேலே எறிந்து அது விழுகிற பக்கத்தைக் கவனித்தான்.

“நூற்றி அறுபது யார் இருக்கும் மாமா. எதிர்க்காத்து. ஆறாம் நம்பர்க் கோல் வேணும்.”