பதின்மூன்றிலிருந்து எட்டுக்கு

சிங்கப்பூரில் செராங்கூன் நார்த் அவென்யூ 1 பகுதியில், அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளத்தில் மீன் கடைகள் பல இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் வேலை பார்க்கும் ஜொகூர் பாரு இளைஞர், வாடிக்கையாளர் வீடுகளுக்குப் போய்ப் பவளத் தொட்டிகளைப் பராமரித்துக் கொடுக்கிறார். ஒருநாள் அவரோடு நானும் போனேன்.

தொட்டி 300 லிட்டர். தண்ணீர் தெளிவாக இருந்தது, மீன்கள் சுறுசுறுப்பாக இருந்தன. எனக்குக் குறை எதுவும் தெரியவில்லை. அவர் அக்ரோபோரா பவளத்தின் கிளை நுனிகளையே உற்றுப் பார்த்தார். நுனியில் சதை போய் வெள்ளை எலும்பு தெரிந்தது. "பம்ப்பைத் தொட்டுப் பாருங்கண்ணே" என்றார். சுண்ணாம்பு படிந்து சொரசொரத்தது.

குப்பியில் கொஞ்சம் தொட்டித் தண்ணீர் எடுத்து, நிறங்காட்டி இரண்டு சொட்டு விட்டார். சிரிஞ்சிலிருந்து அமிலத்தைத் துளித்துளியாக இறக்கி, குப்பியைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். நீலப்பச்சை இளஞ்சிவப்பாக மாறியதும் கை நின்றது. காரத்தன்மை 13 டிகிரி. இயற்கைக் கடல்நீரில் அது ஏறக்குறைய 7தான். தொட்டி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் 8, 9 என்று வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் அவர் அந்த எண்ணை உடனே நம்பவில்லை. வேறொரு கம்பெனியின் கிட்டை எடுத்து மறுபடி பார்த்தார். "கிட்டே தப்பா இருந்தா, நாம எதைத் திருத்துறது?" இதிலும் 12.8 வந்தது.

கடினப் பவளம் எலும்பு கட்டுவதற்குத் தண்ணீரிலிருந்து கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் எடுத்துக்கொள்கிறது. எடுக்கும் கணக்கு ஒன்றாக இருந்தாலும் இருப்பு ஒன்றல்ல. காரத்தன்மை 2.8 டிகிரி இறங்கும்போது கால்சியம் 20 பிபிஎம்தான் குறையும். 400க்கு மேல் இருக்கும் கால்சியத்தில் அது கண்ணுக்கே படாது. அதனால்தான் இந்த வேலை செய்கிறவர்கள் முதலில் 'கேஎச்' பார்க்கிறார்கள்; காரத்தன்மையை அவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

வீட்டுக்காரரிடம் பேசியதில் காரணம் வெளிவந்தது. பெரிய பவளங்கள் சிலவற்றை வெட்டி நண்பர்களுக்குக் கொடுத்திருக்கிறார். எடுத்துக்கொள்ளும் வாய்கள் குறைந்தும், டோசிங் பம்ப் பழைய அளவிலேயே காரக் கரைசலை ஊற்றிக்கொண்டிருந்தது. அவர் வாங்கும் உப்பும் கரைத்தாலே 12 டிகிரிக்கு வருகிற ரகம். போதாததற்கு நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறக்குறைய சுழியம். சத்துக் குறைந்த தண்ணீரில் காரத்தன்மை ஏறினால் நுனி கருகும் என்பது இத்துறையில் பலர் கண்டது. எலும்பு வளரும் வேகத்துக்குச் சதையால் ஈடுகொடுக்க முடிவதில்லை என்று அதற்கு விளக்கம் சொல்கிறார்கள்.

அமிலம் விட்டு இறக்கிவிடலாமே என்று வீட்டுக்காரர் கேட்டார். இளைஞர் ஒப்புக்கொள்ளவில்லை. அமிலம் காரத்தன்மையைக் குறைக்கும்தான். ஆனால் அந்தக் கணமே பிஎச்சும் சரியும், ஏற்கெனவே அடிபட்ட பவளத்துக்கு அது இரண்டாவது அடி. இந்த மறுப்புதான் எனக்கு அவர்மேல் பெரிய மதிப்பை உண்டாக்கியது. வாடிக்கையாளர் அவசரப்படும்போது எதையாவது ஊற்றிக் காட்டுவது எளிது. அவர் டோசிங் பம்ப்பை நிறுத்தினார், அவ்வளவுதான்.

பிறகு ஆர்ஓ முறையில் சுத்திகரித்த தண்ணீரில் வேறு உப்பைக் கரைத்து, வாளித் தண்ணீரையும் சோதித்தார். 8 இருந்தது. தொட்டியில் பத்தில் ஒரு பங்கை மட்டும் மாற்றினார். அதனால் இறங்குவது அரை டிகிரிதான். மீதியைப் பவளங்களே மெல்ல எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். மெக்னீசியத்தையும் பார்த்தார். அது குறைந்திருந்தால் சுண்ணாம்பு இன்னும் வேகமாகப் படியும். 1300ஐ ஒட்டி இருந்ததால் அதைத் தொடவில்லை. தண்ணீரில் சத்து ஏறுவதற்காக, மீனுக்குத் தீனியைச் சற்றுக் கூட்டச் சொன்னார்.

கிளம்பும்முன் வீட்டுக்காரரிடம் ஒரு தாளைக் கொடுத்தார். தினமும் ஒரே நேரத்தில் கேஎச் பார்த்து எழுத வேண்டும். பம்ப் நின்றிருக்கும்போது ஒரு நாளில் எவ்வளவு இறங்குகிறதோ, அதுதான் இப்போதிருக்கும் பவளங்களின் தேவை. 9ஐ நெருங்கியதும் தன்னைக் கூப்பிடச் சொன்னார். அந்தக் கணக்கை வைத்துத்தான் பம்ப்பைத் திரும்ப ஓடவிடுவாராம்.