நட்சத்திரக் குறியே பெயராக...

இறுதியாண்டு மாணவன் ஒருவன், டாஸில் பழகிய கை. ப்ராஜெக்ட் அறிக்கைக்கு ஒரு பிரதி எடுக்க லினக்ஸில் இப்படி அடித்தான்:

சிபி அறிக்கை *.பேக்

டாஸில் காப்பி கட்டளைக்கு இப்படிக் கொடுத்தால் அறிக்கை.பேக் கிடைக்கும். அங்கே நட்சத்திரத்துக்குப் பொருள் காண்பது கட்டளையின் வேலை. யுனிக்ஸில் கட்டளை தொடங்கும் முன்பே ஷெல் அதை விரித்துவிடுகிறது. (ஆரம்பகால யுனிக்ஸில் இதற்கென்றே க்ளாப் என்று தனி நிரல் இருந்தது.) பொருந்தும் கோப்பு ஒன்றுகூட இல்லையென்றால்? பாஷ் அந்தச் சரத்தை அப்படியே கட்டளையிடம் தள்ளிவிடும். ஆக, *.பேக் என்ற பெயரிலேயே ஒரு கோப்பு பிறந்தது!

இரண்டு மாதம் அதை அவன் கவனிக்கவில்லை. அதற்குள் முழுப்பெயர் கொடுத்து எடுத்த பிரதிகள் பத்துப் பன்னிரண்டு சேர்ந்துவிட்டன. வைவாவுக்கு மூன்று நாள் இருக்கையில் அந்த விநோதப் பெயர் கண்ணில் பட்டது. அழித்துவிடலாம் என்று ஆர்எம் *.பேக் என அடித்தான். அவ்வளவுதான், எல்லாப் பிரதிகளும் போயின. ஆர்எம் கட்டளைக்குக் குப்பைத்தொட்டி ஏது? பழைய அத்தியாயங்களை அச்செடுத்த தாளைப் பார்த்துத் திரும்பத் தட்டச்ச வேண்டியதாயிற்று.

ஒற்றை மேற்கோளுக்குள் வைத்திருந்தாலோ, நட்சத்திரத்தின் முன் ஒரு \ போட்டிருந்தாலோ அந்த ஒரு கோப்பு மட்டும் போயிருக்கும்.

வைவா முடிந்ததும், இப்படிப்பட்ட பெயர்களைக் கண்டுபிடிக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுத உட்கார்ந்தான். கேஸ் கட்டளையில் முதலில் கொடுத்தது *** என்ற வடிவம். எல்லாப் பெயரும் பொருந்தியது! நடுவில் இருப்பதும் 'எதுவாகவும் இருக்கலாம்' என்றுதானே ஷெல் படிக்கும். *\** என்று மாற்றியபின் சரியானது. ஓரத்து நட்சத்திரங்கள் வடிவம், நடுவில் இருப்பது வெறும் எழுத்து. மற்ற குறிகளையும் சேர்த்துப் பிடிக்க, கடைசியில் வந்து நின்றது இது:

*[][*?]*

பார்க்க எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கிறது. ஆனால் கட்டத்துக்குள் * குறிக்கும் ? குறிக்கும் சிறப்புப் பொருள் கிடையாது, \ தேவையில்லை. மூடும் அடைப்பை மட்டும் முதலில் எழுத வேண்டும். இல்லாவிட்டால் கட்டம் அங்கேயே மூடிவிடும்.

பிடித்த பெயரை மாறியில் வைத்து அழிக்கும்போதும் இரட்டை மேற்கோள் வேண்டும். அதற்குள் $ வேலை செய்யும், நட்சத்திரம் விரியாது. அது இல்லாமல் முதலில் எழுதியிருந்தான். நல்லவேளையாக, ஆர்எம் இருக்க வேண்டிய இடத்தில் எக்கோ போட்டுப் பார்த்தான். ஒரு பெயருக்குப் பதில் பதினொரு பெயர்கள் திரையில் வந்தன.