தடிச்ச சத்தம்

எலக்ட்ரிக் கிதாருக்குப் பிக்கப் மாற்றிய கதையைத்தான் எழுதுகிறேன். தலித் பத்திரிகையில் இதற்கு என்ன வேலை என்று கேட்கிற தோழர்கள் கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

என் தாத்தா சாவுக்கு மேளம் அடித்தவர். ராயபுரத்திலோ காசிமேட்டிலோ சாவு விழுந்தால் ஆள் தேடி வரும். சாராயமும் கொஞ்சம் காசும் கொடுப்பார்கள். வாசப்படி தாண்ட விடமாட்டார்கள். நைனா அந்த மேளத்தைத் தொடவே இல்லை. திருவொற்றியூரில் ஒரு பட்டறையில் மோட்டாருக்குக் காயில் கட்டுற வேலைக்குப் போனார். நான் கிதாரைப் பிடித்தேன். சர்ச்சில் வாசிக்கிற ஒரு அண்ணன் கற்றுக் கொடுத்தார். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தால் யாரும் ‘மேளக்காரன் பேரன்’ என்று சொல்லவில்லை, ‘கிதாரிஸ்ட்’ என்றார்கள். அந்த வார்த்தையில் எனக்கு ஒரு போதை இருந்தது. இதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் ஏரியா கானா குழுவில் சட்டி மேளம், டோலக், பறை. இவற்றோடு என் கிதார். யாரோ வாசித்துக் கழித்ததை வாங்கியது. அதில் மூன்று சிங்கிள் காயில் பிக்கப்புகள். வீட்டில் வாசித்தால் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருக்கும். தெருவுக்கு வந்தால் கதை வேறு. ஏப்ரல் 14 அன்று அண்ணல் பிறந்தநாள் மேடை. பக்கத்திலேயே சீரியல் செட், ட்யூப் லைட். கையை எடுத்தால் ‘ங்ங்ங்’ என்று ஒரே இரைச்சல், கையை வைத்தால் கொசு கத்துற மாதிரி மெல்லிய சத்தம். தோல் கருவிகளுக்கு நடுவில் நான் இருப்பதே தெரியவில்லை. தடிச்ச சத்தம் வேண்டும் என்று முடிவு செய்தேன்.

பழைய பிக்கப்பைக் கழற்றி நைனாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இன்னா நைனா, இது நம்ம வேலைதான். காந்தம் கீது, அத்த சுத்திக் கம்பி. டைனமோ மாதிரிதானே?”

அதுதான். 1831இல் ஃபாரடே கண்டுபிடித்த விஷயம். இரும்புத் தந்தி காந்தத்துக்கு மேலே அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது, காயிலில் மின்சாரம் பிறக்கிறது. கம்பி 42 கேஜ். 0.063 மில்லிமீட்டர்தான், தலைமயிர் அளவு. ஃபேன் மோட்டாருக்குப் போடுகிற கம்பியே இதைவிடத் தடிமன். அதை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றுகிறார்கள்.

ஆனால் காயிலுக்குத் தந்தி வேறு, ட்யூப் லைட் வேறு என்று தெரியாது. சுற்றிலும் ஓடுகிற 50 ஹெர்ட்ஸ் கரண்டையும் அது பிடித்துக்கொள்ளும். இதற்கு 1955இல் கிப்சன் கம்பெனிப் பொறியாளர் சேத் லவர் ஒரு வழி செய்தார். ஒரு காயிலுக்குப் பதில் இரண்டு. ஒன்றுக்கு ஒன்று சுற்றும் எதிர், காந்தமும் எதிர். வெளியிலிருந்து வருகிற இரைச்சல் இரண்டிலும் எதிரெதிராகி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தந்தியின் சத்தம் மட்டும் இரண்டும் சேர்ந்து கூடும். 1957இல் கிப்சன் கிதார்களில் வந்தது. ஹம்பக்கர் என்று பெயர். இரண்டு காயிலும் தந்தியை இரண்டு இடத்தில் பிடிப்பதால் கூர்மையான மேல் சத்தம் கொஞ்சம் மழுங்கும், நடுப்பகுதி பருக்கும். தடிச்ச சத்தம் என்பது இதுதான்.

முழு அளவு ஹம்பக்கர் வைக்க என் கிதாரில் மரத்தைக் குடைய வேண்டும். அதற்கு மனசு வரவில்லை. சிங்கிள் காயில் பள்ளத்திலேயே உட்காருகிற மாதிரி, இரண்டு ஒல்லிக் காயிலும் நடுவில் தண்டவாளம் போல இரும்புப் பட்டையுமாக ஒரு வகை உண்டு. கடையில் இரண்டு வைத்தார்கள். மீட்டரில் ஒன்று 16 கிலோ ஓமுக்கு மேல், மற்றது 10 பக்கம். என் பழைய சிங்கிள் காயில் 6தான். பெரிய நம்பரைக் கை காட்டினேன். கடையில் தனியாக வாசித்தபோது நெஞ்சு அதிர்ந்தது. ஒரே ஒரு தந்தி, மலை மாதிரி நின்றது.

அடுத்த நிகழ்ச்சி ஒரு ஹாலில். சவுண்ட் பார்க்கிறவர் என் கிதாரைக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். பிறகு சட்டி அடிக்கிற அண்ணனைக் காட்டி, “அந்த மேளத்தைக் கொஞ்சம் பின்னாடி தள்ளுங்க, மியூசிக் கேக்கணும்ல” என்றார். மேளம் மியூசிக் இல்லையாம். அண்ணன் ஒரு வார்த்தை பேசாமல் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார். நானும் வாயைத் திறக்கவில்லை. என் சத்தம் முன்னால் நிற்கிறதே என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன்.

முடிந்து டீ குடிக்கும்போது அண்ணன் சொன்னார். “உன் கிதாரு நல்லாத்தான்பா கீது. என் கை எனக்கே கேக்கல, அவ்ளோதான்.”

அன்றிரவு தூக்கமில்லை. தாத்தாவை வாசலுக்கு வெளியே நிறுத்தினார்கள். அவர் வழி வந்த மேளத்தை மேடைக்குப் பின்னால் தள்ள நானே உடந்தையாக நின்றேன். 

பறையைத் தூக்கி எறிவதா, கையில் எடுத்து ஓங்கி அடிப்பதா என்று நம் இயக்கங்களில் நீண்ட விவாதம் நடந்தது. இழிதொழிலாகத் திணிக்கப்பட்டதை அடிக்கமாட்டேன் என்று மறுத்தவர்களும் சரி, 1990களில் மதுரைத் தலித் கலை விழாக்களில் அதையே விடுதலைக் கருவியாக முழக்கியவர்களும் சரி, இரண்டு பேரும் சுயமரியாதைக்காகத்தான் நின்றார்கள். நான் இரண்டும் செய்யவில்லை. பறையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கிதாரால் மூடினேன்.

நைனாவிடம் நம்பரைச் சொன்னபோது சிரித்தார். “சுத்து ஏத்திக்கினே போனா எல்லாம் நல்லதுன்னு ஆருடா சொன்னது?” சுற்று கூடக் கூடச் சத்தம் பெருக்கும். கூடவே மேல்விளிம்பு மங்கும், நடுவில் ஊதும். டோலக்கின் தடிச்ச பக்கமும், பாடுகிறவன் குரலின் அடியும், பறையின் உடம்பும் அங்கேதான் குடியிருக்கின்றன. என் கிதார் அந்தக் குடிசைகளின் மேல் அடுக்குமாடி கட்டியிருந்தது.

பணம் கொஞ்சம் நஷ்டப்பட்டு 10 கிலோ ஓம் பிக்கப்பை மாற்றி வாங்கினேன். இந்த முறை கடையில் கேட்டுத் தீர்மானிக்கவில்லை. குழுவைக் கூட்டி, வைக்கோல் கொளுத்திப் பறையைக் காய்ச்சி, எல்லோரும் அடிக்கும்போது கேட்டோம். வால்யூம் திருகியில் 250 கிலோ ஓமை எடுத்துவிட்டு 500 போட்டோம், விளிம்பு துலங்கியது. பிக்கப்பைத் தந்தியிலிருந்து சற்றுக் கீழே இறக்கினோம். ஒவ்வொரு திருப்புக்கும் அண்ணன் சட்டியைத் தட்டிப் பார்த்து, “இன்னும் கொஞ்சம்” என்றார். தனியாகக் கேட்டால் இந்தச் சத்தம் முந்தியதைவிட ஒல்லிதான். குழுவோடு கேட்டால் எல்லாமே தடிச்சது.

2018 ஜனவரியில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ சென்னையில் மேடை ஏறியது. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. பண்டிதர் அயோத்திதாசர் முன்வைத்த சாதிபேதமற்ற தமிழர் என்கிற சிந்தனையிலிருந்து அந்தப் பெயர். அங்கே கானாவும் பறையும் எலக்ட்ரிக் கிதாரும் ஒரே வரிசையில் நின்றன. நம் பிள்ளைகள் பலர் அதைப் பார்த்துக் கிதார் வாங்கினார்கள். அவர்களில் யாராவது என்னிடம் எந்தப் பிக்கப் போடலாம் என்று கேட்டால், பக்கத்தில் மேளம் அடிக்கிறவரைக் கூட்டிக்கொண்டு வா, அவர் காதால் கேட்டு வாங்கு என்றுதான் சொல்கிறேன்.

போன மாதம் எண்ணூரில் ஒரு சாவு. அண்ணனோடு நானும் போனேன். கிதாரை எடுத்துப் போகவில்லை. தாத்தாவுக்குப் பிறகு எங்கள் வீட்டில் முதல் முறையாக ஒருவன் பறையைக் கையில் எடுத்தான். யாரும் கூப்பிட்டு விடவில்லை, காசு வாங்கவில்லை. செத்தவர் எங்கள் ஆள். அடித்தது நானாக.