ரஞ்சன்குடியில் இறங்குங்கள்

சென்னையிலிருந்து திருச்சிக்குக் காரில் போகிறவர்களுக்குத் தொழுதூர் தாண்டி வெள்ளாற்றைக் கடக்கும் நேரம் பெரும்பாலும் தூக்க நேரம். அடுத்து பெரம்பலூர், பாடாலூர், சமயபுரம் என்று கணக்குப் போட்டபடி நாற்கரச் சாலையில் விரைந்துவிடுகிறோம். மங்கலமேட்டுக்குப் பக்கத்தில், சாலையை விட்டுச் சற்றே விலகி, ஒரு கற்கோட்டை முழு உருவோடு நிற்கிறது. பெரம்பலூருக்கு வடக்கே ஏறத்தாழ 17 கிலோமீட்டர். செஞ்சிக்குப் போகும் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு ரஞ்சன்குடிக்கு வந்தாலும் போதும், இந்த வட்டாரமே மாறிவிடும் என்பது என் எண்ணம்.

எங்கள் குலதெய்வம் சிறுவாச்சூர் மதுரகாளி. தை மாதத்தில் மாவிளக்குப் போடக் குடும்பத்தோடு வந்திருந்தோம். அரிசியைக் கோயிலிலேயே ஊறவைத்து உரலில் இடித்துத்தான் அங்கே மாவிளக்கு ஏற்றுவது வழக்கம். உலக்கைச் சத்தம் அடங்கி, பூசை முடிந்து, இலையில் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்ததும் மாமாவைக் கேட்டேன்: “கோட்டைக்குப் போகலாமா மாமா?” “வெயில் தாழட்டும்டா” என்றார். நாலு மணிக்குக் கிளம்பினோம். அறுவடை முடிந்திருந்தது. சாலையோரம் நெடுக மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருந்தது. நடுநடுவே சின்ன வெங்காய மூட்டைகள்.

கோட்டையை நெருங்கியதும் முதலில் மனதில் பதிவது அதன் கல். இழைத்து அடுக்கிய கற்களில் எழும்பிய மதில், அரைவட்டமாகப் பிதுங்கும் கொத்தளங்கள், முன்னால் அகழி. 17ஆம் நூற்றாண்டில் கர்நாடக நவாபுக்குக் கட்டுப்பட்ட ஒரு ஜாகிர்தார் கட்டியது என்கிறது வரலாறு. இப்போது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. உயரம் மாறி மாறி மூன்று அடுக்காக அரண். கீழே இருப்பது பேட்டை, மேலே இருப்பது கோட்டைமேடு. இரண்டையும் இணைக்கும் சுரங்கவழி ஒன்றும் உண்டு. மேலே அரண்மனைக் கட்டடம், குடியிருப்புகள், நிலவறைகள், ஒரு பள்ளிவாசல்.

நான் அதிக நேரம் நின்றது பேட்டையில். கோட்டை என்றால் அரசனையும் அந்தப்புரத்தையும் தேடுவது நம் பழக்கம். ஆனால் எதிரி வந்தால் முதலில் எரிவது பேட்டைதான். நெய்கிறவர், கொல்லர், தவசம் விற்கிறவர், குதிரைக்குப் புல் அறுக்கிறவர் என்று படையை நம்பியும் படைக்குப் பயந்தும் வாழ்ந்தவர்களின் இடம் அது. 1751இல் இங்கே நடந்ததும் அதுவேதான்.

அந்தக் கதையைச் சொல்லியாக வேண்டும். 1749இல் ஆம்பூர்ப் போரில் ஆற்காட்டு நவாப் அன்வருதீன் மாண்டார். மகன் முகமது அலி திருச்சிக்குள் அடைக்கலம் புகுந்தார். பிரெஞ்சுக்காரர் துணையோடு நவாபான சந்தா சாகிப், திருச்சியையும் பிடிக்க 1751இல் படை திரட்டிக் கிளம்பினார். வடக்கிலிருந்து வருகிறவரைத் தடுக்க வழியில் இருந்த நல்ல அரண் இதுதான். முகமது அலிக்காகக் கேப்டன் கின்ஜென்ஸ் தலைமையில் ஆங்கிலப் படை வந்து முகாமிட்டது. கோட்டைத் தலைவரோ எந்தப் பக்கமும் சாயாமல், இரு தரப்போடும் பேச்சு நடத்தி நாளைக் கடத்தினார். இந்த மனிதரை எனக்குப் பிடித்திருக்கிறது. இரண்டு யானைகளுக்கு நடுவே அகப்பட்டவர், தன் ஊரைக் காக்க வேறென்ன செய்வார்? பொறுமையிழந்த ஆங்கிலேயர் பேட்டையைத் தாக்கித் தீ வைத்தார்கள். மேல்கோட்டை மட்டும் மசியவில்லை. அதற்குள் சந்தா சாகிபும் பிரெஞ்சுப் படையும் வந்து சேர, ஆங்கிலப் படை கலைந்து ஊட்டத்தூர் வழியாகத் திருச்சிக்குப் பின்வாங்கியது. அந்தப் படையில் உணவுப் பொருள் வழங்கும் பொறுப்பில் ஓர் இளைஞர் இருந்தார். பெயர் ராபர்ட் கிளைவ். இங்கே தோல்வியைப் பார்த்த அவர்தான் அதே ஆண்டில், திருச்சி முற்றுகையைத் தளர்த்த, ஆற்காட்டைப் பிடித்தார். மறு ஆண்டு சந்தா சாகிப் தலை இழந்தார்.

அயர்லாந்துக்குப் படிக்கவும் பிழைக்கவும் போன நம் பிள்ளைகள் அந்நாட்டுக் கோட்டைகளின் முன் நின்று படம் அனுப்புகிறார்கள். பார்க்க மகிழ்ச்சிதான். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். இதே பகையின் தொடர்ச்சியாக 1760இல் வந்தவாசியில் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடந்த போரில் வென்ற அயர் கூட் அயர்லாந்தின் லிமெரிக் வட்டாரத்தில் பிறந்தவர். தோற்ற பிரெஞ்சுத் தளபதி லாலியும் ஐரிஷ் வம்சாவளி. அந்தத் தீவின் கோட்டைகளுக்கும் நம் கோட்டைகளுக்கும் நடுவே இப்படி ஓர் இரத்த வழி ஓடுகிறது. ஊருக்கு வரும்போது இந்தப் பக்கத்தையும் பார்க்கட்டும்.

மறுநாள் காலை வாலிகண்டபுரம். வாலி வழிபட்ட தலம் என்பது ஐதிகம். சோழர் காலக் கோயில். மண்டபத் தூண்களைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சாத்தனூருக்குத் திரும்பினோம்.

சாத்தனூர்க் கல்மரத்தைப் படத்தில் பார்ப்பது வேறு, பக்கத்தில் நிற்பது வேறு. 18 மீட்டருக்கு மேல் நீளமாகப் படுத்திருக்கிறது அடிமரம். புவியியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன் 1940இல் உலகுக்கு அறிவித்தது. வயது ஏறத்தாழ 12 கோடி ஆண்டு என்கிறது இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை. அன்று இந்த நிலம் கடலோரம். கரையிலிருந்த மரம் நீரில் அடித்து வரப்பட்டுக் கடல் சேற்றில் புதைந்தது. காற்றுப் படாததால் மட்கவில்லை. நீரில் கரைந்திருந்த சிலிக்கா இழை இழையாக மரத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. காரை, கொளக்காநத்தம் பக்கம் போனால் மழை அரித்த களிமண் மேடுகளில் அந்தக் கடலின் தரையையே பார்க்கலாம். அரியலூரில் இத்தனை சிமெண்ட் ஆலைகள் வந்ததற்கும் அதே கடல்தான் காரணம். அதன் உயிர்களின் ஓடுகள் சேர்ந்த சுண்ணாம்புக்கல்லைத்தான் இன்று வெட்டுகிறோம். ஆலைகள் வேலை தருகின்றன, மறுக்கவில்லை. ஆனால் படிமங்கள் ஒரு முறை அரைபட்டால் போனதுதான். தோண்டும் முன் ஆராய்ந்து எடுத்துவைப்பது கட்டாயமாக வேண்டும்.

மாலையில் கங்கைகொண்ட சோழபுரம். ஏறத்தாழ 55 மீட்டர் விமானத்தைப் பற்றி எழுத இந்தக் கட்டுரை போதாது. நான் சொல்ல வந்தது வேறு. 1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது இந்தக் கோயிலின் சுற்றுமதிலைப் பெயர்த்துக் கல் எடுத்துப் போனார்கள். இராசேந்திரனின் அரண்மனை மாளிகைமேட்டில் செங்கல் அடித்தளமாக மட்டும் மிஞ்சியிருக்கிறது. பேரரசன் மாளிகைக்கே அந்தக் கதி என்றால், ஒரு ஜாகிர்தாரின் கோட்டை இந்த அளவுக்குப் பிழைத்து நிற்பது பெரும்பேறு.

ரஞ்சன்குடியில் 1751இன் கதையைத் தமிழில் விரிவாகச் சொல்லும் பலகைகள் வேண்டும். பெரம்பலூர், அரியலூர்ப் பள்ளிகள் பிள்ளைகளை ஆண்டுக்கொரு முறையாவது அழைத்து வர வேண்டும். நீங்கள் வந்தால் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், மதிலில் பெயர் கீறாதீர்கள், காரையில் கிடக்கும் படிமங்களைப் பையில் போடாதீர்கள். பெரம்பலூரில் ஓரிரவு தங்கினால் எல்லாவற்றையும் நிதானமாகப் பார்க்கலாம். திங்கள் அல்லது வெள்ளியைச் சேர்த்து நாள் குறியுங்கள். சிறுவாச்சூர்க் கோயில் விசேஷ நாள்கள் தவிர வாரத்தில் அந்த இரண்டு நாளும்தான் திறந்திருக்கும்.